நாலு அங்குல ஓட்டை

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பு மில்லில், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். ரிங் ஃபிரேம் ஓடும் கூடத்தில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் இழை அறும். கூடினால் பஞ்சு உருளையில் சுற்றும். மேலே டக்ட் வழியாக ஈரக்காற்று இறங்கி, தரைக்கடியில் ஓடும் கால்வாய் வழியாகப் பஞ்சுத் தூசியோடு திரும்பும். காற்றின் வேகத்தை வாராவாரம் அளந்து நோட்டில் எழுதுவேன்.

அந்தக் கையால்தான் திண்டுக்கல்லில் கட்டிய சொந்த வீட்டின் அடுப்படியைக் கெடுத்தேன்.

சிம்னி மாட்ட வந்த தம்பி சரியாகத்தான் சொன்னார். "அண்ணே, இதுக்கு ஆறு அங்குலக் குழாய் வேணும். இருக்கிறது நாலு அங்குல ஓட்டை. சுவரைத் துளைச்சிரலாம்." பால் காய்ச்ச நாலு நாள்தான் இருந்தது. டைல்ஸ் புதுசு. "ரெடியூசர் போட்டு முடிச்சிருப்பா" என்றேன். ஆறை நாலாக்கினால் காற்று போகும் வழி பாதிக்கும் கீழே இறங்கிவிடும்; வர்க்கக் கணக்கில் 36-க்கு 16. மில்லில் யாராவது இதைச் செய்திருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். போதாததற்கு, மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாய் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் மூன்று வளைவோடு தொய்ந்து கிடந்து, மேற்குச் சுவரில் போய் முடிந்தது.

ஆடி பிறந்தது. எங்கள் ஊரில் அந்த மாதம் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். "என்னங்க, புகை திரும்ப உள்ளேதாங்க வருது" என்றாள் மனைவி. ஸ்பீடைக் கூட்டச் சொன்னேன். சத்தம்தான் கூடியது. மூன்று வருடம் இப்படியே போனது. ஹால் ஃபேன் இறக்கையில் பிசுக்கு ஏறியது; அவளுக்கு இருமல் வந்து தங்கியது. தூசி அலர்ஜி என்று நானே முடிவு கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். சீரகச் சம்பாவை ஊறப்போட்டு, வெங்காயம் வதக்க முதல் தடவையாக நான் அடுப்பு முன் நின்றேன். பத்தே நிமிடம். கண் எரிந்து தொண்டை கமறியது. அவள் அங்கே நின்றது மூன்று வருடம்.

மறுநாள் குழாயைக் கழற்றினேன். மடிப்பெல்லாம் கருப்பு எண்ணெய். தொய்ந்த இடத்தில் அது குட்டையாகத் தேங்கியிருந்தது. டக்ட்டுக்குள் பஞ்சுத் தூசி தீப்பிடித்தால் எவ்வளவு வேகமாக ஓடும் என்று மில்லில் பாடம் எடுத்தவன் நான். அன்றைக்குக் கை நடுங்கியது.

அதே தம்பியைக் கூப்பிட்டேன். காற்று மோதாத கிழக்குச் சுவரில், கோர் கட்டிங் மெஷினால் ஆறு அங்குலத் துளை. உள்ளே வழவழப்பான கெட்டிக் குழாய், ஒரே வளைவு, வெளிப்பக்கம் லேசான சரிவு, முனையில் குருவி நுழையாதபடி, காற்று தள்ளினால் மட்டும் திறக்கும் மூடி. எதிர்ப்பக்க ஜன்னலையும் சமைக்கும்போது கொஞ்சம் திறந்து வைக்கிறோம். உள்ளே காற்று வராமல் வெளியே எது போகும்? பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஃபில்டரைச் சலவைச்சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்ப்பது என் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாயைக் கழற்றித் துடைக்கிறேன்.

மாதம் பிறந்தால் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அடுப்புக்கு மேல் பிடிக்கிறேன். புகை நேரே ஃபில்டருக்குள் ஏறுகிறது. தேதி போட்டு, மில்லில் எழுதியதுபோல ஒரு நோட்டில் எழுதுகிறேன். அவளுடைய இருமல் குறைந்திருக்கிறது. விடியற்காலையில் மட்டும் இன்னும் கேட்கிறது.