மருவும் மரிக்கொழுந்தும்

கல்யாண மாலை என்றால் மல்லியும் ரோஜாவும்தான் பேச்சில் வரும். நடுநடுவே வைத்துக் கட்டிய பச்சையை யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் மாலை கழுத்தில் விழுந்ததும் மூக்கில் ஏறுவது அந்தப் பச்சையின் மணம். பூவே அல்லாத கொழுந்துக்கு மணமாலையில் யார் இடம் கொடுத்தது? இதைக் கேட்டுக்கொண்டு முதலில் போனது மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு.

மாலை கட்டும் பெரியவர் ஒருவர் இரண்டு கட்டுகளை எடுத்துப் போட்டார். ஒன்று மரிக்கொழுந்து: இழை இழையாகப் பிரிந்த இலை, மேலே சாம்பல் பூசியது போன்ற வெண்மை. மற்றது மரு: சுண்டுவிரல் நகத்தளவு இலை, தொட்டால் மெத்தென்று இருக்கிறது. "மல்லி முகூர்த்தம் வரைக்குந்தான் தம்பி தாங்கும். கொழுந்து மறுவீட்டுக்கும் மணக்கும்" என்றார். பேசும்போதும் கை நிற்கவில்லை. நாலு பூ, ஒரு கொத்துக் கொழுந்து, நாரால் ஒரு சுற்று.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மல்லிகை மொட்டு இரவில் விரிந்து, மணத்தைக் காற்றில் விட்டுத் தீர்த்துவிடுகிறது. இந்த இலைகளில் வாசனை எண்ணெய் மேல்தோலின் நுண்ணிய சுரப்பிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. உரசினால் வெளிவரும், இலை காய்ந்தாலும் லேசில் போகாது. முந்தின நாளே கட்டி, மாலை மாற்றும்போது கசங்கும் மாலைக்கு வேறென்ன வேண்டும்?

எத்தனை காலப் பழக்கம் என்று பார்க்கப் பாசுரங்களைப் புரட்டினேன். பெரியாழ்வார் திருமொழியில் கண்ணனைப் பூச்சூட அழைக்கும் பதிகம் ஒன்று உண்டு. மல்லிகை, செண்பகம், பாதிரிக்கு நடுவே மருவும் தமனகமும் அங்கே வருகின்றன. தமனகம்தான் தவனம், நம் மரிக்கொழுந்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டியவர் கொடுக்கும் பட்டியல் இது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இரண்டு இலைகளும் பூக்களோடு சரிசமமாக உட்கார்ந்துவிட்டன.

தாவரவியல் பக்கம் திரும்பியபோதுதான் ஆச்சரியம். மரிக்கொழுந்து தென்னிந்தியச் செடி. அதன் எண்ணெய் 'தவனா' என்ற பெயரில் வெளிநாட்டு வாசனைத் திரவியங்களுக்குப் போகிறது. மருவோ வந்தேறி. சைப்ரஸும் தெற்குத் துருக்கியும் அதன் பூர்வீகம். ஐரோப்பியச் சமையலில் இறைச்சிக்குப் போடும் மார்ஜோரம் இதுதான். பீட்சாவில் தூவும் ஓரிகானோவுக்குப் பங்காளி. நம் ஊரில் அது அடுப்படிக்குள் நுழையாமல் மாலையோடும் கூந்தலோடும் நின்றுகொண்டது.

அதன் சொந்த ஊர்ப் பக்கம் கல்யாணத்தில் இடம் இருந்ததா என்று தேடினால், கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கவிஞர் கட்டல்லஸ் வந்து நிற்கிறார். அவருடைய திருமணப் பாட்டு ஒன்றில், மணவிழாத் தெய்வமான ஹைமனைத் தலையில் மார்ஜோரம் சூடி வரச்சொல்லி அழைக்கிறார். அங்கே தலைக்கு, இங்கே கழுத்துக்கு. இரண்டு ஊரும் அதை மணவறைக்கே அழைத்திருக்கின்றன.

மாலைக்கு ஆர்டர் கொடுக்கும்போது, "பச்சையைக் குறைச்சுப் பூவைக் கூட்டிக் கட்டுங்க" என்று பேரம் பேசுகிறவர்கள் உண்டு. பூ வாடிய பிறகும் மணக்கப்போகும் பங்கைத்தான் அவர்கள் குறைக்கச் சொல்கிறார்கள்.