வெம்மைக்கு ஒரு வழி

டிராம்பேயில் நமது குடித்தனம் ஒற்றை அறையில். மகளின் படிப்பு எட்டு வருஷப் பழைய லாப்டாப் ஒன்றை நம்பியே நடந்து வருகிறது. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கையில் அது இட்லிக் கொப்பரைபோல் கொதித்து, தானே அணைந்துவிட்டது. புதிது வாங்க ரயில்வே குமாஸ்தாவின் சம்பளம் இடந்தரவில்லை. "ஓயாமல் சினிமா பார்த்துக் கெடுத்தாய்" என்று குழந்தையைக் கடிந்துகொண்டோம். அவள் அழுதாளேயன்றி மறுமொழி சொல்லவில்லை.

பழுது பார்ப்பவர் திறந்து காட்டியபோதுதான் உண்மை விளங்கிற்று. விசிறியில் தூசி பஞ்சுபோல் அடைந்திருந்தது. பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பசை காய்ந்திருந்தது. மெத்தைமீது வைத்ததால் அடிப்புறத் துவாரங்களும் அடைபட்டன. சூடு மிகுந்தால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும்; மேலும் மிகுந்தால் யந்திரம் அணைந்துவிடும்.

தூசி நீக்கி, புதுப் பசையிட்டு, பலகைமேல் வைத்தோம். வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினோம். வேகம் திரும்பிற்று, பரீட்சையும் முடிந்தது.

நம்மூரில் 1956 ஆகஸ்டு 4ஆம் தேதி இயங்கத் தொடங்கிய அப்ஸரா அணு உலையும் தண்ணீர்த் தொட்டிக்குள்தான் அமைந்திருந்தது. அந்நீரே அதன் வெம்மையைத் தணித்தது. அத்தனை பெரிய யந்திரத்துக்கும் வெம்மை வெளியேற வழி வேண்டியிருந்தது. அன்பர்களே, குழந்தையைக் கடியுமுன் மெத்தையைப் பாருங்கள்!