எங்கள் தெரு முகங்கள்

சின்ன வயசிலிருந்தே எனக்கு ஒரே கனவுதான் நண்பர்களே! மனித முகங்களை வரைய வேண்டும். நடிகர்கள், தலைவர்கள் அல்ல. பூக்காரம்மா, பால்காரர், இஸ்திரி வண்டித் தாத்தா. ஆனால் நான் படிப்பதோ பி.காம். கடைசி வருடம். அடுத்தது சி.ஏ. என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள்.

"இவங்க படத்தை யாருப்பா காசு கொடுத்து வாங்குவாங்க?" என்கிறார் அப்பா. வணிகவியல் மாணவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான்! பிரான்சின் ஆர்ல் நகரில் 1888-ல் வான்கோ ஒரு தபால் ஊழியரையும் அவர் குடும்பத்தையும் வரையத் தொடங்கினார். மாடல்களுக்குக் கொடுக்க அவரிடம் பணம் இல்லை. இன்று அந்தத் தபால்காரரின் தாடியை உலகமே அறியும். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த ஓவியர் இளையராஜா, நம் கிராமத்துப் பெண்களை வரைந்து பெயர் பெற்றார். 2021-ல் கொரோனாவுக்கு அவரை இழந்தோம். அவர் வரைந்த பெண்கள் இருக்கிறார்கள்.

இஸ்திரித் தாத்தாவிடம் கேட்டேன். "என் மூஞ்சில என்ன தம்பி இருக்கு?" என்று சிரித்தார். அவர் முகம் ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும் மட்டும்தான் இருக்கிறது. இரண்டுமே சரிபார்ப்பதற்காக எடுத்தவை. அவரைப் பார்ப்பதற்காக அல்ல.

புகைப்படத்துக்கு ஒரு நொடி போதும். ஓவியத்துக்கு ஒருவரை மணிக்கணக்கில் உற்றுப் பார்க்க வேண்டும். அந்த நேரம்தான் நான் அவருக்குத் தரக்கூடிய மரியாதை.

சி.ஏ. படிக்கத்தான் போகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் தெருக்காரர்களுக்கு. அதில் மட்டும் பேரம் கிடையாது!