வீட்டுக் கடன் தீரும் காலத்தில்

அடமானத்தில் இருக்கும் வீட்டின் கடன் இரண்டு வழிகளில் முடிவுக்கு வருகிறது. கடைசித் தவணை வரை கட்டி முடிப்பது ஒரு வழி. தவணை நின்று, தொண்ணூறு நாள் கடந்து வாராக்கடன் என்று குறிக்கப்பட்டு, பிறகு வங்கியோடு பேசி ஒரு தொகைக்கு உடன்பட்டுக் கட்டி முடிப்பது இன்னொரு வழி. இரண்டாவதை ஒருமுறைத் தீர்வு என்பார்கள். வங்கிக் கவுன்டரில் அது 'ஓடிஎஸ்'. எந்த வழியில் முடிந்தாலும், பணம் கட்டிய ரசீதோடு வேலை தீர்வதில்லை. சேமிப்புக் கணக்கிலும், வங்கிப் பெட்டகத்தில் கிடக்கும் பத்திரத்திலும், சார்பதிவாளர் அலுவலகப் பதிவிலும், கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டிலும் அந்தக் கடன் இன்னும் உட்கார்ந்திருக்கும். ஒவ்வோரிடத்திலிருந்தும் தனித்தனியாகத்தான் அதை எழுப்பி அனுப்பவேண்டும்.

ஒருமுறைத் தீர்வை உரிமையாகக் கேட்டுப் பெறமுடியாது. அது வங்கியின் முடிவு என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் வசூலுக்கு வருபவர் வாசலில் நின்று சொல்லும் தொகைக்கு மதிப்பு இல்லை. வங்கியின் ஒப்புதல் கடிதம் கையில் வரவேண்டும். எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எத்தனை தவணையில், கட்டியபின் எந்தெந்தப் பத்திரம் திரும்பும் என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்கவேண்டும். கெடு தவறினால் தீர்வு ரத்தாகி முழுக்கடனும் உயிர்பெறும் என்ற வரி பெரும்பாலான கடிதங்களில் இருக்கும். பலர் கோட்டைவிடுவது அந்த வரியைத்தான்.

தீர்வுத் தொகையைச் சேர்க்கும் நாட்களில் அதை எங்கே வைப்பது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றும். கடன் கொடுத்த வங்கியிலேயே சேமிப்புக் கணக்கும் இருந்தால், நிலுவைக்காக அதிலுள்ள பணத்தை எடுத்துக்கொள்ள வங்கிக்கு வழி இருக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வங்கியாளருக்குப் பொதுப் பற்றுரிமை தருகிறது. வரவையும் பற்றையும் நேர்செய்துகொள்ளும் உரிமையும் வங்கிகளுக்கு உண்டு. நகையை விற்றும் உறவினரிடம் கைமாற்று வாங்கியும் சேர்த்த பணம், ஒப்புதல் கடிதம் வருமுன் அந்தக் கணக்கில் விழுந்தால், வட்டிப் பாக்கியில் வரவாகிவிடலாம். பிறகு அதைத் தீர்வுத் தொகையில் சேர்க்கச் சொல்லி வாதாடவேண்டி வரும். கடனே இல்லாத வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கி, சம்பளத்தையும் சேமிப்பையும் அங்கே மாற்றிக்கொள்வதுதான் சரி. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

தவணை கட்டி முடித்தவர்களுக்குக் கணக்கில் வேறு வகை வேலை. மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த 'நாச்' உத்தரவு கடன் முடிந்தபின்னும் உயிரோடு இருக்கலாம். கடன் கொடுத்த இடத்திலும் கணக்குள்ள வங்கியிலும் எழுதிக்கொடுத்து அதை ரத்து செய்யவேண்டும். கடைசித் தவணை வரவாகும் முன்பே ரத்து செய்தால் அது வேறு தொல்லை. கடன் வாங்கும்போது கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகளை எண்ணைச் சரிபார்த்துத் திரும்பப் பெறவேண்டும். ஆயுள் காப்பீட்டுப் பாலிசி வங்கியின் பெயருக்கு எழுதிவைக்கப்பட்டிருந்தால் அதைத் தன் பெயருக்குத் திருப்பி எழுதி வாங்கவேண்டும். வைப்புத்தொகை மீது குறித்த பிடிமானத்தை நீக்கச் சொல்லவேண்டும். தவணைக்காகவே தொடங்கிய சேமிப்புக் கணக்கை அப்படியே மறந்துவிடுவதும் சகஜம். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாவிட்டால் அது செயல்படாத கணக்காகும். பத்து ஆண்டு கடந்தால் அதிலுள்ள பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். உரிமை அழியாது என்றாலும், திரும்ப வாங்க அலையவேண்டும்.

வீட்டின் மதிப்பு தனிக்கணக்கு. வீடு 60 லட்சம் பெறும், கடன் பாக்கி 22 லட்சம் என்றால் மிச்சம் 38 லட்சமும் உரிமையாளருடையது. நெருக்கடியில் இருப்பவர்கள் இந்தப் பங்கைக் கண்ணில் வைக்காமல், வீடே போய்விட்டது என்று கைவிட்டுவிடுகிறார்கள். அடமான வீட்டை வங்கி ஏலம் விட வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி, வங்கி முதலில் 60 நாள் கெடுவோடு நோட்டீஸ் அனுப்பவேண்டும். ஏலம் போனாலும் பாக்கியும் செலவும் போக மீதம் உரியவரிடம் சேரவேண்டும். ஆனால் ஏல விலை சந்தை விலையைத் தொடுவது அரிது. 2016இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழுப் பாக்கியையும் கட்டினால்தான் வீட்டை மீட்கும் உரிமை நிற்கிறது. ஏல நாள் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று நினைத்து வீட்டை இழந்தவர்கள் உண்டு.

விற்றுத்தான் கடனை அடைக்கவேண்டும் என்றால் அறிவிப்புக்கு முன்பே உரிமையாளரே விற்பது மேல். அடமான வீடு என்றதும் வாங்குபவர் தயங்குவார். அந்தத் தயக்கம் நியாயமானது. பாக்கி எவ்வளவு, கையில் உள்ள பத்திரங்கள் எவை என்று வங்கியிடம் கடிதம் வாங்கி, வாங்குபவர் அந்தத் தொகையை வங்கியாளர் காசோலையாக நேரே கடன் கணக்கில் செலுத்தி, மீதியைக் கிரயத்தன்று உரிமையாளரிடம் கொடுப்பது நடைமுறையில் உள்ள வழி. இதில் ஒரு வரிக் கண்ணி இருக்கிறது. விலையில் பெரும்பகுதி வங்கிக்கே போனாலும் மூலதன ஆதாய வரி முழு ஆதாயத்துக்கும் உண்டு. உரிமையாளர் தானே வைத்த அடமானத்தைத் தீர்த்த பணத்தைக் கழிக்கமுடியாது என்று ஆர்.எம். அருணாசலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. வரிக்கு ஒரு தொகையை ஒதுக்கிவிட்டுத்தான் கைக்கு மிஞ்சுவதை எண்ணவேண்டும்.

பணம் கட்டியாகிவிட்டது, இனி பத்திரம். 2023 செப்டம்பர் 13இல் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவு, முழுதும் கட்டினாலும் தீர்வில் முடித்தாலும் 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தரச் சொல்கிறது. வங்கி தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஆவணம் தொலைந்தோ சிதைந்தோ போனால் நகல் எடுக்க உதவுவதும் அதன் செலவும் வங்கியைச் சேர்ந்தவை. அதற்குக் கூடுதலாக 30 நாள் உண்டு. கடன்தாரர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் ஒப்படைக்கவும் நடைமுறை வகுக்கச் சொல்லியிருக்கிறது. பத்திரம் கொடுத்தபோது வங்கி தந்த பட்டியலை வைத்து, மூலப்பத்திரம், தாய்ப்பத்திரங்கள், பட்டா, வரைபட அனுமதி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடவேண்டும்.

பத்திரம் வீட்டுக்கு வந்ததும் கடன் போய்விட்டது என்று தோன்றும். வில்லங்கச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் வேறு கதை. தமிழ்நாட்டில் வங்கிக் கடனுக்குப் பத்திரம் கொடுத்தது பெரும்பாலும் 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்று பதிவாகியிருக்கும். எழுதிக்கொடுத்தவர் இடத்தில் வீட்டுக்காரர் பெயர், எழுதிவாங்கியவர் இடத்தில் வங்கியின் பெயர். கடன் தீர்ந்ததற்கு வங்கி எழுதித்தரும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான், முந்தைய பதிவுக்குக் கீழே ரசீது என்று இன்னொரு பதிவு ஏறும். பழைய பதிவு அழிவதில்லை. இரண்டும் சேர்ந்து நின்றே கடன் தீர்ந்ததைக் காட்டும். இதைச் செய்யாமல் விட்டவர்களின் பிள்ளைகள் பல ஆண்டு கழித்து வீட்டை விற்கப்போகும்போது, இணைந்தும் பெயர் மாறியும் போன வங்கியைத் தேடி அலைகிறார்கள். அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடான செர்சாயிலும் வங்கி தன் பிடியை நீக்கவேண்டும். அதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

கடைசியாகக் கடன் வரலாறு. முழுதும் கட்டிய கடன் 'முடிந்தது' என்று பதிவாகும். தள்ளுபடியோடு முடிந்தது 'செட்டில்டு' என்று பதிவாகும். பின்னதைப் பார்க்கும் வங்கிகள் புதுக்கடன் தரத் தயங்கும். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, விவசாயக் கடன் தவிர்த்த மற்றவற்றில், தீர்வு செய்துகொண்ட வங்கி குறைந்தது 12 மாதம் அவருக்குப் புதுக்கடன் தரக்கூடாது. வசதி வந்தபின் மீதியையும் கட்டிப் பதிவை மாற்றிக்கொள்ளலாமா என்று வங்கியிடம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. பதிவு தவறாக இருந்து, புகார் கொடுத்து 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

நிலுவை இல்லை என்ற கடிதம், கணக்கு முடிந்த அறிக்கை, பதிவான ரசீது, புதிதாக எடுத்த வில்லங்கச் சான்றிதழ் ஆகிய நான்கையும் மூலப்பத்திரத்தோடு ஒரே உறையில் வையுங்கள். அந்த உறை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.