பால்மரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன?

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுத் தம்பி ஒருவர் புலனத்தில் கேட்டிருந்தார். "அக்கா, எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம்" என்று தாராளமாக அனுமதியும் கொடுத்திருந்தார். பிழைப்புக்கு ஆங்கிலம் கற்பிப்பவளிடம் தமிழ்க் கட்டுரை கேட்கிறாரே என்று முதலில் தயங்கினேன். ஒரு காலத்தில் இதே மலருக்கு மெய்ப்புத் திருத்தியவள்தான் நான். வலி மிகுமா மிகாதா என்று விடிய விடியச் சண்டை போட்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி. பிறகு வேலை வந்தது, ஆங்கிலம் வந்தது. தமிழில் தொடர்ந்தாற்போல் இரண்டு பக்கம் எழுதி வெகு நாளாகிவிட்டது. ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றையே எழுதுகிறேன். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலை. அதில் நான் செய்த ஒரு தவறு.

நான் பணியாற்றுவது ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் மொழி மையத்தில். என்னிடம் வருகிறவர்கள் முதலாமாண்டு மாணவர்கள். மூயெட் தேர்வில் இரண்டு, மூன்று என்ற தரநிலையோடு வந்தவர்களே அதிகம். 1999-இல் தொடங்கிய அந்தத் தேர்வைப் பற்றி இந்த மலரின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2021-இல் மாற்றியமைத்த பிறகு, எழுத்துத் தாளில் குறைந்தது 100 சொல்லில் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ, 250 சொல்லில் ஒரு கட்டுரை என்று கேட்கிறார்கள். அந்த 250 சொல்லை எப்படியோ கரையேற்றிவிட்டு வந்த பிள்ளைகளிடம் நாங்கள் மேற்கோள்களோடு ஆயிரம் சொல் கேட்கிறோம். கையில் இருப்பதோ 14 வாரம்.

முதல் வாரத்தில் ஒரு சோதனைக் கட்டுரை எழுதச் சொல்வது வழக்கம். உனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி எழுது என்பேன். திருத்த உட்கார்ந்தால் முப்பது தாளில் பாதிக்கு மேல் "இந்த உலகமயமாதல் காலக்கட்டத்தில்" என்றுதான் ஆங்கிலத்தில் தொடங்கும். பக்கத்து வீட்டுக் கோழிக்கொட்டகையைப் பற்றி எழுதினாலும் உலகமயமாதல் வந்துவிடும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பதினொரு வருடம் மூன்று மொழியிலும் தேர்வுக்குக் கட்டுரை மனனம் செய்தவர்கள். தமிழ்க் கட்டுரைக்கு ஒரு பழமொழி, மலாய்க் கட்டுரைக்கு ஒரு பெரிபஹாசா, ஆங்கிலக் கட்டுரைக்கு உலகமயமாதல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சிவப்புப் பேனாவை நம்பினேன். மூன்று வகுப்பு, வகுப்புக்கு முப்பது பேர், ஒரு தாளுக்கு இருபது நிமிடம். கணக்குப் போட்டால் ஒரு கட்டுரைக்கு முப்பது மணி நேரம். 'டிஸ்கஸ்' என்றால் போதும், பின்னால் 'அபவுட்' வேண்டாம் என்று எழுதி எழுதி விரல் காய்த்துவிட்டது. அடுத்த கட்டுரையில் அதே மாணவன் அதே இடத்தில் அதே 'அபவுட்' போட்டிருப்பான். 1996-இல் ஜான் டிரஸ்காட் என்ற ஆய்வாளர், இரண்டாம் மொழியில் எழுதக் கற்பவர்களுக்கு இலக்கணப் பிழை திருத்துவதையே கைவிட வேண்டும் என்று துணிந்து எழுதினார். டேனா ஃபெரிஸ் என்ற அம்மையார் 1999-இல் அதை மறுத்து எழுதினார். தேர்ந்தெடுத்துத் தெளிவாகத் திருத்தினால் பயன் உண்டு என்பது அவர் கட்சி. எனக்கு முதலாமவர் மேல் அனுதாபம் உண்டு, அவரும் முப்பது மணி நேரம் உட்கார்ந்திருப்பார் என்று. ஆனால் இரண்டாமவர் சொன்னபடிதான் இப்போது செய்கிறேன். ஒரு கட்டுரையில் இரண்டு வகைப் பிழைக்கு மேல் தொடுவதில்லை.

சிவப்புப் பேனாவோடு இன்னொரு சட்டமும் வைத்திருந்தேன். என் வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான். வேறு மொழி பேசினால் டின்னில் இருபது காசு போட வேண்டும். பருவ இறுதியில் அந்தக் காசில் நொறுக்குத் தீனி வாங்கிச் சாப்பிடுவோம். தமிழில் யோசிக்காதே, மலாயில் யோசிக்காதே, ஆங்கிலத்திலேயே யோசி என்று பத்து வருடத்துக்கு மேல் சொல்லியிருக்கிறேன். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். நானும் அதை யோசித்துப் பார்க்காமல் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிவிட்டேன்.

2023-இல் என் வகுப்பில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். கணக்கியல் மாணவி. பேராக் மாநிலத்தில் ஒரு சிற்றூர். தமிழ்ப்பள்ளியில் படித்து, புதுமுக வகுப்பும் தாண்டி வந்தவள். இரண்டாவது வாரம் வகுப்பில் முதல் வரைவு எழுதிக்கொண்டிருந்தபோது அவள் தாளின் ஓரத்தில் தமிழில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எல்லார் முன்னிலையிலும், இது ஆங்கில வகுப்பு என்று சொன்னேன். அதட்டவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் அந்த வரிகளை அழிப்பானால் அழித்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அழித்தாள்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து வந்தவை எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். பிழை குறைவு, உயிரும் குறைவு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி எழுவாய், வினை, முற்றுப்புள்ளி. நான் முன்னேற்றம் என்று குறித்து வைத்தேன்.

ஒன்பதாவது வாரம் நீண்ட கட்டுரை. தங்கள் குடும்பத்தில் ஒருவருடைய தொழிலைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். அவளுடைய கட்டுரை ஒரு பிழைகூட இல்லாமல் வந்தது. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியாகியிருந்தது. அந்த ஆண்டு விரிவுரையாளர் அறைகளில் வேறு பேச்சே இல்லை. யாருடைய எழுத்தையும் நம்ப முடியாத நேரம். இவளுமா என்று சலிப்போடு படித்துக்கொண்டு போனேன். நடுவில் ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது. தன் பாட்டி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து 'மில்க் ட்ரீ' வெட்டப் போவார் என்று இருந்தது. அடுத்த பத்தியில் 'ஸ்டிக்கி மில்க்' என்று ஒன்று.

என் சக விரிவுரையாளர்கள் யாராவது படித்திருந்தால் மாட்டுப்பண்ணை என்று நினைத்திருப்பார்கள். நான் தோட்டத்துப் பிள்ளை. பால்மரமும் ஒட்டுப்பாலும் எனக்குத் தெரியாதா? அந்தப் பளபளப்பான ஆங்கிலத்துக்கு அடியில் தமிழ் இருந்தது.

அவளை அறைக்கு அழைத்தேன். "என்னம்மா இது?" என்று தமிழில் கேட்டேன். அவள் முகத்தில் பயம். "மேடம், நான் காப்பி அடிக்கல" என்றவள் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். பென்சிலில் ஆறு பக்கம், முழுக்கத் தமிழில். "இதை எழுதிட்டு, கைப்பேசில மொழிபெயர்ப்புச் செயலியில போட்டேன். இங்கிலீஷ்ல நேரா எழுதினா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது மேடம்."

வாங்கிப் படித்தேன். பள்ளி விடுமுறையில் பாட்டியோடு தீம்பாருக்குப் போய் மங்கு துடைத்ததை எழுதியிருந்தாள். விடிவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற வரத்துக் குறையும், மழை பெய்தால் அன்றைய கூலி போச்சு என்பதெல்லாம் இருந்தது. மழை மேகத்தைப் பார்த்தால் பாட்டி மரத்தைத் திட்டமாட்டார், வானத்தைத் திட்டமாட்டார், தன் முழங்காலைத் திட்டுவார் என்று ஒரு வரி. செயலியின் ஆங்கிலத்தில் பாட்டி 'வானிலை குறித்து அதிருப்தி தெரிவித்தார்'.

விதிப்படி பார்த்தால் சுழியம் போட்டிருக்க வேண்டும். அந்த ஆங்கிலம் அவளுடையது அல்ல. ஆனால் அந்தக் கட்டுரை அவளுடையதுதான். எங்கள் விதிமுறை ஏட்டில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்கிற பக்கம் அப்போது இல்லை. செயலியை மூடிவிட்டு, அந்த நோட்டை வைத்துக்கொண்டு, மறுபடி ஆங்கிலத்தில் நீயே எழுது, இரண்டு வாரம் தருகிறேன் என்றேன்.

அந்த இரண்டு வாரமும் மதிய இடைவேளையில் என் அறைக்கு வந்தாள். நான் ஆங்கிலம் கற்பித்த வருடங்களில் இவ்வளவு தமிழ் பேசிக் கற்பித்தது கிடையாது. வினைச்சொல்லின் காலம் அவளுக்கு எப்போதும் தகராறு. நேற்று நடந்ததையும் 'கோ' என்றுதான் எழுதுவாள். "தமிழில் சொல்" என்றேன். "போனேன்" என்றாள். உடனே அவளே 'வெண்ட்' என்று மாற்றினாள். மலாயில் 'பெர்கி' என்றால் நேற்றுக்கும் அதுதான், நாளைக்கும் அதுதான்; காலத்தை வேறு சொல் காட்டும். தமிழ்ப் பிள்ளைக்கோ வினையிலேயே காலம் ஒட்டியிருக்கிறது. கையில் இருக்கிற சாவியை மறைத்து வைத்துவிட்டு இத்தனை வருடம் நான் பூட்டோடு போராடச் சொல்லியிருக்கிறேன். 'எ', 'த' என்ற சொற்கள் தமிழில் இல்லைதான். ஆனால் கதை சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம்? ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தார்; அந்த ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள். முதலில் ஒரு, பிறகு அந்த. எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்றாலும் பாதிக் கிணறு தாண்டலாம்.

தமிழ் வழியில் பள்ளமும் உண்டு. "நேற்று போயிருந்தேன்" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் 'ஐ ஹேட் கான் யெஸ்டர்டே' என்று வந்து நிற்கும். அதைவிடப் பெரிய சிக்கல் கட்டுரையின் அமைப்பு. ஆங்கிலக் கட்டுரையில் நீ என்ன சொல்லப் போகிறாய் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்றேன். "முடிவ மொதல்லயே சொல்லிட்டா அப்புறம் யாரு மேடம் படிப்பா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வினை கடைசியில் வரும் மொழியில் வளர்ந்தவள், கட்டுரையின் தீர்ப்பையும் கடைசிக்கு வைப்பது இயல்புதானே என்று எனக்குத் தோன்றியது. 1966-இல் ராபர்ட் கப்லான் என்பவர், ஆங்கிலேயர் நேர்கோட்டில் எழுதுவார்கள், கீழைநாட்டார் சுழன்று சுழன்று எழுதுவார்கள் என்று படமே வரைந்து காட்டினார். அந்தப் படத்தின் மேல் எனக்கு மரியாதை இல்லை. பலரும் அதை மறுத்திருக்கிறார்கள். நேராக எழுதும் தமிழரையும் சுற்றி வளைக்கும் ஆங்கிலேயரையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படிக்கிறவர் எதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் வேறுபடுகிறது. அவளிடமும் அதைத்தான் சொன்னேன்: ஐம்பது தாளை அடுக்கி வைத்திருக்கும் விரிவுரையாளர் பாட்டிக் கதை கேட்க உட்காரவில்லை.

சொற்களுக்கும் மெனக்கெட்டோம். பால்மரம் 'ரப்பர் ட்ரீ', பால் 'லேட்டெக்ஸ்', வெட்டுவது 'டேப்பிங்', ஒட்டுப்பால் 'ஸ்கிராப்'. 'நிரை' மட்டும் பிடிபடவில்லை. 'ரோ' என்று போட்டால் வெறும் வரிசைதான். பாட்டியின் நிரை என்ற உரிமை வரவில்லை என்றாள். பழைய தோட்ட நிர்வாகத்தின் ஆங்கிலத்தில், ஒரு வெட்டுத் தொழிலாளிக்கு ஒதுக்கப்பட்ட மரங்களை 'டாஸ்க்' என்பார்கள். சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். மூயெட் எழுத்துத் தாளில் கேள்விகளுக்கும் அதே பெயர்தான். "அப்ப எனக்கும் ரெண்டு நிரை குடுத்தாங்களா மேடம்?"

அவள் கடைசியில் கொடுத்த கட்டுரையில் பிழைகள் இருந்தன. பாட்டி தன் முழங்காலைத் திட்டியதும் இருந்தது. மொழிக்கு 20-க்கு 11 போட்டேன். செயலி எழுதியதற்கு 18 போட்டிருப்பேன். மதிப்பெண் வரையறை அப்படி. அதை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. உள்ளடக்கத்துக்கு முழு மதிப்பெண் போட்டும் மொத்தத்தில் 'பி'தான் வந்தது. வசதி குறைந்த பிள்ளை முதல் வகுப்பில் தேறினால் பி.டி.பி.டி.என். கடனுக்கு விலக்குக் கேட்கலாம். ஒவ்வொரு பாடத்தின் புள்ளியும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. அவள் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "மத்தவங்க சில பேரு செயலியிலதான் எழுதுறாங்க மேடம். அவங்களுக்கு ஏ கெடைக்குதே?"

என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

இருபது காசு டின்னை எடுத்துவிட்டேன். இப்போது என் வகுப்பில் முதல் பத்து நிமிடம் எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், நிறுத்தக்கூடாது, திருத்தக்கூடாது. பீட்டர் எல்போ 1973-இல் தம் நூலில் சொல்லிக்கொடுத்த பயிற்சிதான் இது. மொழிச் சலுகை மட்டும் என்னுடையது. ஒரு பையன் கிளந்தான் வட்டார மலாயில் எழுதுகிறான். சீன மாணவர்கள் எழுதுவதை என்னால் படிக்கவே முடியாது. இறுதிக் கட்டுரையோடு கையால் எழுதிய அந்த வரைவையும் இணைக்க வேண்டும். "ஆங்கில வகுப்பு நடத்துகிறாயா, மொழிபெயர்ப்பு வகுப்பு நடத்துகிறாயா?" என்று சக விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதிலும் பொருள் இருக்கிறது. வரைவிலேயே தங்கிவிட்டு ஆங்கிலத்துக்கு வராத பிள்ளைகளும் உண்டு. அவர்களை எப்படி நகர்த்துவது என்பதில் நான் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தப் பருவம் முடிந்து விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் முன் அவள் ஒருமுறை அறைக்கு வந்தாள். நோட்டுப் புத்தகம் என் மேசை இழுப்பறையிலேயே இருந்துவிட்டது, அது வேண்டுமாம். பாட்டிக்குப் படித்துக் காட்டப் போகிறாளாம். எடுத்துக் கொடுத்தேன். திருத்திய ஆங்கிலக் கட்டுரையையும் சேர்த்து நீட்டினேன்.

"அது வேணாம் மேடம். அது உங்களுக்கு எழுதினது" என்று சொல்லிவிட்டு நோட்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டாள்.