ஸதகாவும் ஹக்கும்

நோய் புகுந்த வீட்டில் துன்பம் இரண்டாகக் குடியேறுகிறது. ஒன்று உடலைப் பற்றுகிறது. மற்றொன்று மடியைப் பற்றுகிறது. முன்னதற்கு மருந்து உண்டு. பின்னதற்கு நாம் கண்ட மருந்து அடகுக் கடையும், ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் விரிக்கும் துண்டுமே.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், உருக்காலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைப்பவர் ஒருவர். அவர் மகன் என் மதரஸா மாணவன். சென்ற ஆண்டு அவர் துணைவியாருக்குப் பித்தப்பையில் கல். தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. நகைகள் அடகுக்குப் போயின. மீதிக்கு நானே எழுந்து நின்று ஜமாஅத்தாரிடம் கேட்டேன். பதினெட்டாயிரம் ரூபாய் சேர்ந்தது. நற்செயல் செய்த நிறைவோடு வீடு திரும்பினேன்.

சில வாரங்கள் கழித்து, மகனின் உதவித்தொகை மனுவுக்காக அவர் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்தார். பதினாலாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்று 105 ரூபாய் பிடித்திருந்தார்கள்.

"இது என்ன?" என்றேன்.

"தெரியாது ஹஜ்ரத். மூணு வருஷமா மாசாமாசம் பிடிக்கிறாங்க."

அரபு இலக்கணத்தில் ஓர் எழுத்தின் குறியைக்கூட விடாமல் திருத்துகிறவன் நான். ஆனால் என் ஊர்த் தொழிலாளியின் சம்பளச் சீட்டை அதுவரை படித்ததில்லை.

விசாரித்து அறிந்தேன். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த தொழிலாளர் காப்பீடு அது. 2019 ஜூலை முதல் தொழிலாளி நூற்றுக்கு முக்கால் பங்கும், முதலாளி மூன்றேகால் பங்கும் செலுத்துகின்றனர். அதற்கு ஈடாகத் தொழிலாளிக்கும் குடும்பத்தாருக்கும் மருத்துவம். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து அயனாவரம் போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்லலாம். தொலைவும் காத்திருப்பும் உண்டு. ஒரு நாள் கூலியும் போகும். ஆயினும் நகை போகாது.

1284-இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் பீமாரிஸ்தான் ஒன்றை எழுப்பினார். வக்ஃபு சொத்துகளின் வருவாயில் அங்கே ஏழைக்கும் செல்வருக்கும் இலவசமாகச் சிகிச்சை நடந்தது. அங்கே படுத்த நோயாளி கையேந்தியவரல்லர், உரிமையுடையவர். நம் தொழிலாளியும் அவ்வாறே. தம் ஹக்கைத் தம் ஊதியத்திலிருந்தே செலுத்தியவரை, அறியாமையால் ஸதகா பெறுபவராக்கிவிட்டேன்.

அதன் விளைவு அடுத்த மாதம் தெரிந்தது. சம்பளச் சீட்டு எதுவுமே இல்லாத ஒரு விதவை வாடகைக்கு உதவி கேட்டு வந்தார். பைத்துல்மால் வெறுமையாக இருந்தது.

இப்போது எங்கள் ஜமாஅத்தில் துண்டு விரிக்குமுன் சம்பளச் சீட்டைப் பார்க்கிறோம். ஈ.எஸ்.ஐ. இல்லாதவரெனில், 2012-இல் தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை உண்டா என்று கேட்கிறோம். படித்த இளைஞர் இருவர் உடன் சென்று பதிவு செய்து தருகின்றனர். வாசக அன்பர்களே, உங்கள் வீட்டுச் சம்பளச் சீட்டை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். நோய் வரும்வரை காத்திராதீர்கள்.