மயக்காத அமிலம்

அரக்கு முத்திரையை அவர் உடனே உடைப்பதில்லை. மாதிரி முத்திரைத் தாளைப் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறார். அதன் பிறகுதான் கத்தரியை எடுக்கிறார். உறைக்குள் உறை, அதற்குள் பாலிதீன் பை. உள்ளே 24 கிராம். அபினி என்றால் சோதனைக்கு அதற்குக் குறையாமல் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது விதி.

பழம்புளியின் நிறம், அதே பிசுபிசுப்பு. கனத்த வாடை தடய அறிவியல் கூடத்தின் மூலைவரை வந்துவிடுகிறது. பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் முகத்தைத் திருப்புகிறாள்.

"மாஸ்க்கைப் போட்டுக்கோம்மா." தலை நிமிரவில்லை அவர்.

கிள்ளி எடுத்ததை நீரில் கரைத்து வடிகட்டுகிறார். வெளிர்பழுப்பு வடிநீரில் ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு. குழாய் முழுக்கச் சிவப்பு பரவுகிறது.

"மார்ஃபினா சார்?"

"இல்லை. மெக்கோனிக் அமிலம்."

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுச் சூடாக்கிப் பார்க்கிறார். அசிடேட் தந்த சிவப்பாக இருந்தால் இந்நேரம் சாயம் வெளுத்திருக்கும். இது அசையவில்லை. நோட்டில் ஒரு வரி எழுதுகிறார். மார்ஃபினை உறுதிசெய்யும் வேலை பக்கத்து அறைக் கருவிக்கு.

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் கசியும் பாலில் மார்ஃபினும் கோடீனும் இருக்கின்றன. அவற்றோடு இந்த அமிலமும்; பால் உலர்ந்து அபினியானதும் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில். ஜெர்மானிய மருந்தாளுநர் செர்ட்யூர்னர் 1805 வாக்கில் இதைப் பிரித்தெடுத்தார். புகழ் என்னவோ அவர் கண்ட மார்ஃபினுக்குத்தான் போனது. இது வலியைத் தணிக்காது, தூக்கமும் தராது. மருந்து செய்கிறவர்களுக்கு இது கழிவு.

அடுத்த உறை. தவிட்டு நிறப் பொடி. மார்க்விஸ் கரைசல் பட்டதும் ஊதா பூக்கிறது. வேறொரு குழாயில் ஃபெரிக் குளோரைடு விழுகிறது. மஞ்சள், மஞ்சளாகவே நிற்கிறது.

"இது ஏன் சார் சிவக்கலை?"

"ஹெராயின் மாதிரி தெரியுது. அபினியைச் சுத்தம் பண்ணும்போதே அந்த அமிலம் கழண்டுடும்."

அவள் எழுதிக்கொள்கிறாள். பேனா நிற்கிறது.

"அபினி சாப்பிட்டவங்க உடம்புல அது என்ன சார் பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது." கையுறையை உருவிக் குப்பைக்கூடையில் போடுகிறார். "சிறுநீர்ல இறங்கி, உள்ளே போனது அபினின்னு சொல்லிட்டுப் போயிடும்."